கத்தாமல் சொன்னது

டிசம்பர் 9, செவ்வாய்

இன்றிலிருந்து நான் பேசக் கூடாது. தொண்டை டாக்டரின் உத்தரவு. குரல் நாண்களில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கின்றனவாம். பொங்கல் வரை வாயைத் திறக்கக் கூடாதாம். கிசுகிசுப்பது அதைவிடக் கெடுதலாம்.

வானொலியில் முப்பத்து நான்கு வருடம் பேசிப் பேசியே சம்பளம் வாங்கியவள் நான். காலை இசை நிகழ்ச்சி, இரவுக் கச்சேரி, நேரடி ஒலிபரப்பு என்று இந்தக் கோயமுத்தூரில் சங்கீதம் எங்கே கேட்டாலும் அதற்கு முன்னால் என் குரல்தான் கேட்கும். ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி ஓய்வு பெறுகிறேன். அதற்குள் இப்படி ஒரு கூத்து.

"பேசாமல் இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்.

"எழுத வருதில்ல? அப்படியே எழுதுங்க. கைக்கு முடிச்சு வராது" என்றார் டாக்டர். அதனால்தான் இந்த நாட்குறிப்பு.

அவர் ஒரு கேள்வி கேட்டார். "ரேடியோவுல மெதுவாத்தானே பேசுவீங்க? நானே கேட்டிருக்கேன். இது மெதுவாப் பேசறவங்களுக்கு வர்ற முடிச்சு இல்லம்மா. காய் விக்கறவங்க, பி.டி. வாத்தியாரு, பஸ் கண்டக்டரு, இவங்களுக்குத்தான் வரும். எங்கயாவது கத்துவீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். உண்மைதானே? நான் கத்துவதில்லை. வீட்டில் சில விஷயங்களைக் கொஞ்சம் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். அவ்வளவுதான்.

டிசம்பர் 10

வீட்டுக்காரர் ஜெயசீலனிடம் விஷயத்தை எழுதிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "பொங்கல் வரைக்கும் ஒண்ணுமே பேச மாட்டியா?" என்றார். மாட்டேன் என்று கையை ஆட்டினேன். "சரி" என்று சொல்லிவிட்டு ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். லீவு கிடைத்த ஆள் மாதிரி அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ என்னவோ.

அவர் ஸ்பின்னிங் மில்லில் இருந்தவர். நூல் நூற்கும் மெஷின்களுக்கு நடுவே வாழ்நாளெல்லாம் நின்று காதைத் தொலைத்தவர். அவர் அதைத் "தொலைத்தேன்" என்று சொல்ல மாட்டார். "கொஞ்சம் மந்தம்" என்பார். காது மெஷின் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். அவருடைய அத்தான் ஒருவர் மெஷின் மாட்டிக்கொண்டு சர்ச்சுக்கு வந்தார். ஜெபத்தின் நடுவே அது விசில் அடித்தது. பாஸ்டரே கண்ணைத் திறந்து பார்த்தார். அன்றோடு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் முடிந்தது.

சமையல்: கத்தரிக்காய் குழம்பு. உப்பு கூட.

டிசம்பர் 12

காலை இசை நிகழ்ச்சிக்கு என் இடத்தில் யாரைப் போட்டிருக்கிறார்கள் தெரியுமா? குழந்தைவேலை!

குழந்தைவேல் விவசாய நிகழ்ச்சிக்காரர். மஞ்சள் விலை, தென்னையில் வெள்ளை ஈ, மாட்டுக்குக் கோமாரி தடுப்பூசி என்றால் அவரை அடிக்க ஆள் கிடையாது. குரலோ சந்தையில் மாடு விற்கிற குரல். சங்கீதம் பேசத் தெரிந்த இன்னொரு ஆள் நீண்ட விடுப்பில் இருப்பதால் வேறு வழியில்லை என்று நிலைய இயக்குநர் நசீமா மேடம் செய்தி அனுப்பியிருந்தார்.

ஏழு மணிக்கு ரேடியோவை வைத்தேன். "வணக்கமுங்க" என்று ஆரம்பித்தார். வணக்கமுங்க! "அடுத்து வர்றது கேதாரகவலைங்க."

கேதாரகௌளை. ராகத்துக்கே கவலையைக் கொடுத்துவிட்டார் மனுஷன்.

பிறகு நீலாம்பரி. "இது தாலாட்டு ராகமுங்களாம். யாரும் தூங்கிறாதீங்க, கறவை முடிச்சுட்டுக் கேளுங்க." எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அடித்துக்கொண்டேன். அதற்கு டாக்டர் தடை சொல்லவில்லை.

டிசம்பர் 13

இன்றும் கேட்டேன். ரேடியோ பக்கத்தில் இருந்ததால்.

டிசம்பர் 16

குழந்தைவேல் ஒரு சீப்புக் கதலியும் நாலு இளநீருமாக வீட்டுக்கு வந்துவிட்டார். நான் சிலேட்டுப் பலகையோடு எதிரே உட்கார்ந்தேன்.

"மேடமுங்க, கோவிச்சுக்காதீங்க. நேத்து ஒருத்தர் போன் பண்ணுனாருங்க. சத்தியமங்கலத்துல இருந்து. 'நாப்பது வருசமா சங்கீதம்னா அது நமக்கில்லீன்னு ரேடியோவை அமத்திப்போடுவேன். நீங்க சொன்னதும் கேட்டுப் பாத்தேன்'ங்கறாரு."

"நல்லது" என்று எழுதிக் காட்டினேன். எழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது. சாக்பீஸ் சரியில்லை.

"ஆனா எனக்கு ஒதறுதுங்க" என்றார் அவர். "உழவருக்குப் பேசறப்ப ஒண்ணும் இல்லீங்க. இங்க செவப்பு லைட் எரிஞ்சா நாக்கு ஒட்டிக்குது. பாட்டு முடிஞ்சதும் உடனே பேசிப்போட்டேன். வயலின்காரரு மொறைக்கிறாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் இது முக்கியமான விஷயம். "பாட்டு முடிந்தாலும் தம்புரா ஓடும். அது அடங்கும் வரை வாயைத் திறக்காதீர்கள். கேட்கிறவர் மனசுக்குள் பாடகர் இன்னும் பாடிக்கொண்டிருப்பார்" என்று எழுதினேன்.

அவர் அதை இரண்டு தரம் படித்தார். "அந்த சும்மா இருக்கற நேரத்துல நீங்க என்னங்க பண்ணுவீங்க?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு நேரடிக் கச்சேரியில் மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டர் எடுக்கும்வரை பாடகர் இருட்டில் கண்ணை மூடியபடியே காத்திருந்து, லைட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து எடுத்தார். மிருதங்கக்காரர் ஒருவர் செய்தி நேரம் வந்தது தெரியாமல் தனி ஆவர்த்தனத்தை நீட்டிக்கொண்டே போனார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கும்பிட்டுக்கொண்டே நின்றேன். இப்படி எத்தனையோ. ஆனால் அந்த மௌனத்தில் நான் என்ன செய்வேன் என்பது மட்டும் எனக்கே தெரியவில்லை.

"மூச்சு விடுவேன்" என்று எழுதினேன்.

போகும்போது ஜெயசீலனிடம், "வர்றனுங்க சார்" என்றார் குழந்தைவேல். அவர் குரலுக்கே இவர் திரும்பவில்லை. வழக்கம்போல நான் சொல்ல வேண்டும். சொல்ல முடியாது. தோளைத் தொட்டுத் திருப்பினேன்.

டிசம்பர் 19

மறுபடியும் டாக்டர். துணைக்கு ஜெயசீலனும் வந்தார். தொண்டைக்குள் கேமராவை விட்டுப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றார் டாக்டர். பிறகு இவரிடம் கேட்டார்: "சார், வீட்டுல இவங்க சத்தமாப் பேசற மாதிரி ஏதாவது இருக்குதுங்களா?"

"அதெல்லாம் நல்லா சாப்பிடறா டாக்டர்" என்றார் இவர். "ராத்திரிக்கு ரெண்டு இட்லிதான். காலையில தோசை."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். பழனி முருகன் படம் போட்ட காலண்டர். நன்றாக இருந்தது.

இவரிடம் காட்டுவதற்காக டாக்டர் மருந்துச் சீட்டில் ஏதோ எழுத ஆரம்பித்தார். நான் அவர் கையைத் தொட்டு நிறுத்தினேன். வேண்டாம் என்று தலையசைத்தேன். "அவருக்குத் தெரிய வேணாமாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். இவர் ஜன்னல் வழியே பார்க்கிங்கில் நின்ற ஸ்கூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெரிந்து என்ன ஆகப் போகிறது? அவர் மனசு கஷ்டப்படும். ஏற்கெனவே குறைந்த பேச்சு. இன்னும் குறைந்துவிடும்.

டிசம்பர் 25

கிறிஸ்துமஸ். ஆராதனையில் எல்லாரும் பாட, நான் வாயை மட்டும் அசைத்தேன். பக்கத்தில் இவரும் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். இவர் எத்தனை வருடமாக இப்படி அசைக்கிறாரோ, இன்றுதான் கவனித்தேன்.

கேக் நடுவில் வேகவில்லை.

டிசம்பர் 27

பக்கத்து வீட்டுத் தெய்வானை அக்காவுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. இவர் கேட்டில் பால் பாக்கெட் எடுக்கப் போனபோது பிடித்துக்கொண்டார். எனக்கு அடுக்களை ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது. தெருவுக்கே கேட்டிருக்கும்.

"ஏனுங்கண்ணா! ரேடியோக்காரம்மா இப்ப எப்படி இருக்குறாங்க?"

"என்ன?"

"அம்மா எப்படி இருக்குறாங்கன்னு கேட்டனுங்க! உங்க ஊட்டுச் சத்தம் இல்லாம எங்களுக்குப் பொழுதே விடியறதில்லீங்க! 'தண்ணி வந்துருச்சு, மோட்டாரைப் போடுங்க'ன்னு அவங்க போடற சத்தத்துலதான் நாங்களே மோட்டாரைப் போடுவோம்! பாவம், ஒண்ணு ஒண்ணையும் நாலு தடவை கத்துவாங்க! தொண்டை என்னத்துக்கு ஆகும்?"

இவர் பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் நின்றார் என்று எனக்குத் தோன்றியது. உள்ளே வந்து பாக்கெட்டை மேடையில் வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். நான் பாலைக் காய்ச்சினேன்.

டிசம்பர் 29

இவர் பேசவில்லை. நானும் பேச முடியாது. வீட்டில் ஃப்ரிட்ஜ் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறது.

ஜனவரி 2

சர்ச் கமிட்டிக்குப் போகிறேன் என்று காலையிலேயே கிளம்பிப் போனார். வெள்ளிக்கிழமை காலையில் என்ன கமிட்டியோ. என் ஓய்வுக்கு ரகசியமாக விருந்து ஏதாவது ஏற்பாடு செய்கிறாரா? அப்படியென்றால் நீல நிறப் புடவையை அயர்ன் பண்ணி வைக்க வேண்டும்.

ஜனவரி 6

மறுபடியும் கமிட்டி. வரும்போது கழுத்தைச் சுற்றி மஃப்ளர். காதையும் மூடியிருந்தது. பனிக்காம். வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

குழந்தைவேல் இன்று கேதாரகௌளையைச் சரியாகச் சொன்னார். பாட்டு முடிந்ததும் காத்திருந்தார். தம்புரா அடங்கியது. இன்னும் காத்திருந்தார். ஓர் ஆள் மூச்சு விடுவது கேட்டது. அப்புறம்தான் பேசினார்.

நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் செய்கிறார். எழுதிவிட்டேன், போகட்டும்.

ஜனவரி 8

"இந்த ஃபேன் என்ன இப்படிக் கடகடங்குது?" என்று எரிச்சலாகக் கேட்டார் ஜெயசீலன். பல வருடமாக அப்படித்தான் ஓடுகிறது. இன்றைக்குத்தான் இவருக்குத் தொந்தரவாம். குக்கர் விசில் அடித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். வயதானால் ஆண்களுக்கு நரம்பு தளர்ந்துவிடும் போலிருக்கிறது.

ஜனவரி 12

நிலையத்துக்குப் போய் வந்தேன். கடைசி நாளன்று எனக்காக ஒரு நேரடிக் கச்சேரி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். விதுஷி கனகாம்புஜம் பாடுகிறார். வயது எழுபதைத் தாண்டியும் மேல் சட்ஜத்தில் ஆடாமல் நிற்பவர். அறிவிப்பு நான் செய்ய வேண்டும். குரல் வந்தால்.

"வராட்டியும் கவலைப்படாதீங்க பியூலா" என்றார் நசீமா மேடம். "உங்க குரல் நம்மகிட்ட எவ்வளவு இருக்கு! எல்லா ராகமும் இருக்கு, எல்லா தாளமும் இருக்கு. வெட்டி ஒட்டிப் போட்டுடலாம். ஒரு சாம்பிள் பண்ணி வச்சிருக்கேன், கேளுங்க."

கேட்டேன். 'வணக்கம்' தொண்ணூறுகளில் சொன்னது. சஹானா அதற்கு நெடுநாள் கழித்து. ஆதி தாளம் எப்போதோ. மூன்றும் ஒட்டிய தடமே தெரியவில்லை. வெண்ணெய் மாதிரி இருந்தது அந்தக் குரல். இப்படியா நான் பேசினேன்? அறையில் இருந்தவர்கள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், அந்தக் குரலும் வாயை மூடி உட்கார்ந்திருந்த நானும் ஒரே ஆளா என்று.

பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன். கண்ணில் தூசி.

ஜனவரி 16

டாக்டர் பேசச் சொன்னார். முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று நாலு நாளாக யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துபோய், "எங்க பேசறது?" என்றேன்.

ஈரமில்லாத மணலில் செருப்பு தேய்கிற மாதிரி ஒரு சத்தம். யாரோ ஓர் ஆம்பிளை பின்னாலிருந்து பேசினாரோ என்று எனக்கே சந்தேகம்.

"முடிச்சு கரைஞ்சிருச்சு. தழும்பு கொஞ்சம் இருக்கு" என்றார் டாக்டர். "பழைய குரல் வராதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதை எதிர்பார்த்துட்டு உக்காந்திருக்காதீங்க. பேசுங்க. கத்த மட்டும் கூடாது. இனி ஒருக்காலும் கூடாது."

அந்த 'ஒருக்காலும்'தான் எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டில் என்ன செய்வேன்? சிலேட்டுப் பலகையையே தொடர வேண்டியதுதான்.

நசீமா மேடத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்: "ஒட்டி வைத்ததையே போடுங்கள்."

ஜனவரி 20

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காலை. இவர் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் அடுக்களையில் ரசத்துக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டிருந்தேன். யாரும் இல்லாத இடத்தில் மெல்லப் பேசிப் பழக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், எனக்கு நானே, "பெருங்காய டப்பாவை எங்க வெச்சேன்?" என்றேன். அந்தத் தேய்ந்த குரலில். அடுப்புச் சத்தத்தைவிடச் சின்னதாக.

"மிக்சிக்குப் பின்னால பாரு" என்றார் ஹாலிலிருந்து.

பார்த்தேன். இருந்தது. எடுத்தேன். ரசத்தில் போட்டேன். அதற்குப் பிறகுதான் உறைத்தது.

கரண்டியோடு ஹாலுக்குப் போனேன். அவர் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தார். காதை மூடியிருந்த மஃப்ளரை எடுத்தேன். காதுக்குப் பின்னால், முந்திரிப் பருப்பு அளவில், தோல் நிறத்தில் ஒன்று. இரண்டு காதிலும்.

"கமிட்டியா?" என்றேன்.

"அந்தத் தொண்டை டாக்டர்கிட்டத்தான் போனேன்" என்றார். "உன் தொண்டை எதனாலேன்னு கேட்டேன். அவர் சொல்ல மாட்டேன்னார். நாந்தானான்னு கேட்டேன். பேசாம இருந்தார். சரின்னு காதைக் காட்டிட்டேன்."

நான் உட்கார்ந்தேன். கத்தாமல் இவரிடம் என்ன பேசுவார்கள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அவர் பேப்பரை நாலாக மடித்தார். மறுபடியும் பிரித்தார். "ஒண்ணு கேக்கறேன் பியூலா. எம்மேல உனக்கு ஒண்ணும் கோபம் இல்லையே?"

"எதுக்குங்க கோபம்?"

"நீ எப்பவும் கோபமாவே இருக்கறதா நெனச்சுட்டிருந்தேன். இத்தனை வருசமும். எனக்குச் சரியாக் கேக்காது. ஆனா உன் மொகம் தெரியும். கழுத்து நரம்பு புடைக்கும், புருவம் சுருங்கும். ஊருக்கெல்லாம் இனிமையாப் பேசிட்டு வீட்டுக்கு வந்தா எங்கிட்ட எரிஞ்சு விழறா, நமக்கு மிச்சம் இவ்வளவுதான்னு நானும் விட்டுட்டேன். பேச்சைக் குறைச்சுக்கிட்டா உனக்கும் நிம்மதின்னு நெனச்சேன்."

"கறிவேப்பிலை வாங்கிட்டு வாங்கன்னு சொன்னா அதுல என்னங்க கோபம் இருக்கு?"

"அதை நீ இப்படிச் சொல்லலியே."

ரசம் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. இரண்டு பேருக்குமே சத்தம் கேட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. அவருக்குக் கேட்காது என்று கத்தினேன். கேட்காத அவர் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். பார்த்ததைத் தப்பாகத் தெரிந்துகொண்டார். இவருக்குப் பேசப் பிடிக்கவில்லை என்று நானும் தப்பாகத் தெரிந்துகொண்டேன். ஒரே வீட்டுக்குள், தினமும் மூன்று வேளை ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு.

அழுதேன். அழுகைக்கும் தொண்டைதான் வேண்டும், வலித்தது.

"அழாத, டாக்டர் திட்டுவாரு" என்றார் இவர். அவர் கண்ணும் சரியில்லை.

ஜனவரி 21

நேற்று ரசம் இல்லை. மோர் ஊற்றிச் சாப்பிட்டோம்.

இன்று, கடைசி நாள் ஒலிபரப்பில் பழைய ஒலிநாடாவைப் போடப் போகிறார்கள் என்று இவரிடம் சொன்னேன். "ஏன்?" என்றார்.

"அந்தக் குரல் போயிருச்சுங்க. இது கேக்கற மாதிரியா இருக்கு?"

"எனக்கு அந்தக் குரல் ஞாபகத்துலயே இல்ல" என்றார். "இதுதான் தெரியும். நேத்துல இருந்து." கொஞ்ச நேரம் கழித்து, "டேப்பைப் போடறதுன்னா நான் எதுக்கு இதை மாட்டிட்டு ரேடியோ முன்னால உக்காரணும்?" என்று கேட்டார்.

மத்தியானம் நசீமா மேடத்தைப் போனில் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டு, "யாரு பேசறது?" என்றார். நான்தான் என்று சொல்ல மூன்று தடவை ஆனது. அப்புறம், டேப் வேண்டாம், நானே பேசுகிறேன் என்றேன்.

"நேரடி ஒலிபரப்பு பியூலா. நடுவுல குரல் நின்னுட்டா?"

"குழந்தைவேல் பக்கத்துல இருக்கட்டும் மேடம். அவருக்கு இப்ப எல்லா ராகமும் தெரியும்."

ஜனவரி 30

தூக்கம் வரவில்லை என்று பகலிலேயே படுத்துப் பார்த்தேன். அப்போதும் வரவில்லை.

ஜனவரி 31, சனி

முடிந்தது.

ஸ்டூடியோவில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கனகாம்புஜம் அம்மா சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். வயலின் தயார். மிருதங்கக்காரர் வழக்கம்போல ஏப்பம் விட்டுவிட்டு, மைக்கில் விழுந்திருக்குமோ என்று பயந்து பார்த்தார். குழந்தைவேல் என் பக்கத்தில், தேர்வு எழுதப் போகிறவர் மாதிரி சட்டைப் பித்தானையெல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"வணக்கம்" என்றேன். கடைசி எழுத்து பாதியில் உடைந்து போயிற்று.

எத்தனையோ ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை. ஒரு நாளும் உடைந்ததில்லை. குழந்தைவேல் தன் மைக்கின் பொத்தானில் விரலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். மூச்சு விட்டேன். இந்த நேரத்தில் எங்கள் வீட்டு ஹாலில் ஒருவர், ஃபேனைக்கூட நிறுத்திவிட்டு, ரேடியோவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தேன். அவரிடம் சொல்வது போலவே சொன்னேன். பாடுபவர் இன்னார். வயலின் இன்னார். மிருதங்கம் இன்னார். முதலில் சஹானா.

முன்பெல்லாம் ராகத்தைச் சொல்லும்போது ஒரு அலங்காரம் செய்வேன். குரலை இழுத்து, இறக்கி, அதற்கு ஒரு மெருகு போடுவேன். இன்று அதற்கெல்லாம் சக்தி இல்லை. பெயரை மட்டும் சொன்னேன். சொல்லிவிட்டு வழியை விட்டேன்.

கச்சேரி முடிந்து வெளியே வந்ததும் கனகாம்புஜம் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னிக்குக் கொஞ்சமாப் பேசுனீங்க" என்றார். "எனக்குப் பாட நிறைய இடம் கிடைச்சுது."

பாராட்டா குத்தலா என்று தெரியவில்லை. பாராட்டு என்றே வைத்துக்கொண்டேன்.

டியூட்டி ரூமில் போன் அடித்தது. குழந்தைவேல் எடுத்தார். அவர் போன் பேசினால் ஸ்பீக்கரே வேண்டாம், எதிர்முனையும் நமக்குக் கேட்கிற அளவுக்கு ரிசீவரைத் தள்ளிப் பிடிப்பார். கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு பெரியவர்.

"ஏனுங்க, இன்னைக்குக் கச்சேரிக்குப் பேசுனது யாருங்க? புதுசாட்ட இருக்குதே?"

குழந்தைவேல் என்னைப் பார்த்தார். நான் சொல்லுங்கள் என்று கண்ணைக் காட்டினேன்.

"ஆமாங்க. புதுசுதானுங்க."

"நல்லாப் பேசுதுங்க அந்தம்மா. ஊட்டுல உக்காந்து பேசற மாதிரி இருக்குது. இவங்களையே வெச்சுக்குங்க. அந்தப் பழைய அம்மா எங்கீங்க?"

"அவங்க ரிடயர்டு ஆயிட்டாங்க."

"அப்படீங்களா. அதுவும் நல்ல அம்மாதான். பாவம்."

நசீமா மேடம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் சிரிப்புதான் வந்தது. சிரிப்பும் தேய்ந்த குரலில்தான் வருகிறது. அதுவும் பழகிவிடும்.

வீட்டுக்கு வந்தேன். மாலையும் பழத்தட்டும் வாங்கி உள்ளே வைத்தார் ஜெயசீலன். "கேட்டேன்" என்றார்.

"எப்படி இருந்துச்சு?"

"வணக்கம் சொல்றப்ப பயந்துட்டியா?"

"ஆமாம்."

"எனக்குத் தெரிஞ்சுது" என்றார். அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார், ஏதோ பரிசு வாங்கினவர் மாதிரி.

பிப்ரவரி 2

ஆபீஸ் இல்லாத முதல் திங்கட்கிழமை. வீடு பெருக்கினேன். அலமாரி துடைத்தேன். பத்து மணிக்கெல்லாம் வேலை தீர்ந்துவிட்டது.

காப்பி குடிக்கும்போது இவர், "குன்னூர்ல அக்கா வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்துட்டு வரலாமா?" என்று கேட்டார்.

அவருடைய அக்கா வீட்டில் எனக்குக் கொஞ்சமும் ஒத்து வராது. முன்பு என்றால் இந்தப் பதிலை மூன்று தடவை, ஒன்றைவிட ஒன்று உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். அவர் எழுந்து செடிகளிடம் போயிருப்பார். குன்னூருக்கும் போயிருப்போம்.

"வேண்டாங்க" என்றேன், டம்ளரைக் கீழே வைத்தபடி.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு, பார்ப்பதை விட்டுவிட்டு, தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். "கோபமாச் சொல்றியா?"

"இல்ல. சும்மாத்தான். எனக்குப் போக இஷ்டமில்ல."

"அப்படியா" என்றார். காப்பியை ஒரு வாய் குடித்தார். "அப்ப வேணாம். வேற எங்க போலாம், சொல்லு."

சொன்னேன்.